திரையில் இல்லாத பாறை

என் மகள் கென்ற் பக்கம் ஒரு சிறிய விமானத் தளத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறாள். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம். ஊரில் சைக்கிளுக்கு லைட் இல்லை என்று பொலிஸ் மறித்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இது இன்னமும் நம்ப முடியாத காரியம்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை அவள் பறந்துவிட்டு, தொடையில் கட்டிய ஐபாட்டோடு இறங்கி வந்தாள். "வழி தவறினால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"எல்லாம் இதுக்குள்ள இருக்கு அப்பா. மலை, கோபுரம் எல்லாம் காட்டும்."

"இந்த மப் எப்ப போட்டது?"

அவளுக்குத் தெரியவில்லை. செட்டிங்ஸுக்குள் போய்த் தேடிப் பார்த்தோம். கடைசியாகப் புதுப்பித்து மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. சந்தா முடிந்திருந்தது. அதைக் கட்ட வேண்டியவன் நான். "பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போட்டவனும் நான்தான்.

அன்றிரவு, முன்பு ஒருமுறை வாசித்த அயர்லாந்து விபத்து விசாரணை அறிக்கையை மறுபடியும் எடுத்தேன்.

2017 மார்ச் 14, நள்ளிரவு கடந்த நேரம். கடலில் வெகுதூரத்தில் இருந்த ஒரு மீனவரை மீட்கப் போன ஹெலிகொப்டருக்குத் துணையாக, டப்ளினில் இருந்து ஐரிஷ் கரையோரக் காவல் சேவையின் 'ரெஸ்கியூ 116' ஏற்கெனவே புறப்பட்டிருந்தது. மேற்குக் கரையில் உள்ள பிளாக்சொட்டில் எரிபொருள் நிரப்புவதற்காக, இருட்டில், கடலுக்கு மேலே சுமார் 200 அடி உயரத்தில் வந்துகொண்டிருந்தது. வழியில் பிளாக் ரொக் என்ற பாறைத் தீவு. உயரம் 282 அடி. மேலே ஒரு வெளிச்சவீடு. ஹெலிகொப்டர் அந்தத் தீவில் மோதி நால்வரும் இறந்தார்கள். இருவருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை.

அது சின்ன விமானம் அல்ல. நிலம் நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவி பூட்டிய பெரிய எஸ்-92 ஹெலிகொப்டர். ஆனால் அந்தக் கருவியின் தரவுத்தளத்தில் பிளாக் ரொக் இல்லை. ஹெலிகொப்டரில் இருந்த மின்வரைபடங்களில் ஒன்று அந்த இடத்தை வெறும் கடலாகவே காட்டியது. 2021 நவம்பரில் வந்த இறுதி அறிக்கை, பறப்பு வழியை அமைத்த விதம் உட்படப் பல காரணங்களைச் சொல்லி, 42 பரிந்துரைகளை முன்வைத்தது. இதில் என்னை உறுத்துவது ஒரு விஷயம்தான். அந்தத் தீவு கருவியில் இல்லை என்று விபத்துக்கு நான்கு வருடம் முன்பே, 2013இல், பறப்பவர்களில் ஒருவர் அறிவித்திருந்தார். சொன்னது சொன்னபடி இருந்தது. பாறை தரவுத்தளத்துக்குள் வரவில்லை.

ஒரு தீவு எப்படித் தரவில் இருந்து தவறிப்போகும் என்று நீங்கள் கேட்கலாம். திரையில் நாம் பார்ப்பது புகைப்படம் அல்ல. பூமியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரத்தை எழுதிய பெரிய அட்டவணை அது. இந்தத் தரவுகளில் மிகவும் பெயர்பெற்றது 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்களில் ரேடார் மூலம் எடுத்தது. அமெரிக்காவுக்கு வெளியே பல வருடங்களாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது சுமார் 90 மீற்றர் கட்டங்களில்தான். அவ்வளவு அகலக் கட்டத்துக்கு ஒரே ஓர் எண் என்றால், ஒடுங்கிய சிகரத்தின் தலை சீவுப்பட்டுப் போகும். செங்குத்தான மலைகளில் ரேடார் எட்டாத இடங்கள் வெறுமையாக விடப்பட்டு, பிறகு வேறு வரைபடங்களில் இருந்து நிரப்பப்பட்டன.

அந்த விண்ணோடம் வடக்கே 60 பாகை வரைதான் அளந்தது. ஒஸ்லோ அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, பேர்கன் சற்று மேலே. கனடாவின் யூகோனும் வடமேற்குப் பிரதேசங்களும் முழுக்க மேலே. அங்கெல்லாம் வேறு மூலங்களில் இருந்து எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. ஆனால் விமானி பார்க்கும் திரையில் ஒட்டு தெரியாது. எல்லா இடமும் ஒரே வழுவழுப்பு, ஒரே நிறம்.

இங்கேதான் பிரச்சினை. பல கருவிகளில் நிலம் உங்களுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் சிவப்பு, சற்றுக் கீழே என்றால் மஞ்சள். தரவே இல்லாத பரப்பைச் சில கருவிகள் வேறாகக் குறித்துக் காட்டும், உண்மைதான். ஆனால் கடல் என்று பதிந்துபோன பாறையைக் கருவி சந்தேகிக்காது. அதற்குத் தெரியாததையும் ஆபத்தில்லாததையும் அது ஒரே மாதிரித்தான் காட்டும்.

தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்: இது சூழலை உணர்வதற்கு மட்டும், இதை மட்டும் நம்பி வழி நடத்தாதே. சரி. ஆனால் திரையில் நீல வானமும் மண்ணிற மலையுமாக யன்னல் மாதிரியே வரைந்து வைத்துவிட்டு, எச்சரிக்கையைக் கையேட்டின் உள்பக்கத்தில் போட்டால், பழகுகிற பிள்ளை எதை நம்பும்? அமெரிக்காவில் ஆறோ அதற்கு மேலோ பயணி ஆசனங்கள் உள்ள டேர்பைன் விமானங்களுக்கு நில எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பிஸ்டன் எஞ்சின் கொண்ட சின்ன விமானங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. அவற்றில் பறப்பவர்களுக்குப் பல வேளைகளில் ஐபாட் செயலிதான் துணை.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. வரைபடம் சரியாக இருந்தாலும், நீங்கள் நிற்கும் இடம் பிழையாக இருந்தால்? பால்டிக் கடலைச் சுற்றியும் கிழக்கு மத்தியதரைக் கடலிலும் ஜிபிஎஸ் சமிக்ஞைகளைக் குழப்புவது அன்றாட விஷயமாகிவிட்டது. 2024 ஏப்ரல் கடைசியில் ஃபின்எயர், எஸ்தோனியாவின் தார்த்து நகரத்துக்கான சேவையை ஒரு மாதம் நிறுத்தியதற்கு இதுதான் காரணம். போலிச் சமிக்ஞை வந்தால், மிக உயரத்தில் பறக்கும் விமானத்துக்குக்கூட "நிலம் வருகிறது, மேலே எழும்பு" என்று கருவி கத்துகிறது. பொய்யாகக் கத்திப் பழகிய கருவியை, அது உண்மையாகக் கத்தும் நாளில் யார் கேட்பார்கள்?

நான் திரைகளுக்கு எதிரி அல்ல. மலையில் மோதும் விபத்துகளை இந்தக் கருவிகள் பெருமளவு குறைத்திருக்கின்றன. கேட்பது இரண்டே விஷயம். முதலாவது, தரவின் திகதியும் மூலமும் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்காமல், பறக்கும் இடத்துக்கேற்ப முன்திரையில் தெரிய வேண்டும். விமானப் போக்குவரத்துத் தரவுகள் உலகெங்கும் 28 நாளுக்கு ஒருமுறை மாறுகின்றன. காலாவதியான திரை தன் வயதைத் தானே சொல்லட்டும். இரண்டாவது, "இங்கே ஒரு பாறை இருக்கிறது, உங்கள் படத்தில் இல்லை" என்று ஒருவர் எழுதினால், அதைத் திருத்த வேண்டியவர் யார், எந்த நாளுக்குள் பதில் என்பது விதியாக இருக்க வேண்டும். பிளாக் ரொக்கில் ஆள் சொல்லாமல் இல்லை. சொன்னதைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி இருக்கவில்லை.

பிள்ளைகள் பறக்கப் பழகும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. மகளின் பயிற்றுநர் இன்னமும் கடதாசி வரைபடத்தில் பென்சிலால் கோடு கீறவைக்கிறார். அதில் உள்ள மலையுச்சிகளின் உயரத்தை வாய்விட்டு வாசிக்கவும் வைக்கிறார். பழைய காலத்து ஆள் என்று நான் உள்ளுக்குள் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பதில்லை.

சந்தாவை அன்றிரவே கட்டிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை, தளத்தில் இருந்து அவளுடைய மெசேஜ் வந்தது: "திகதி பாத்திட்டன் அப்பா. மப்பிலயும் கீறிட்டன்."