இளையோர் பயிற்சியாளரும் நமது அவசரமும்

கால்பந்தாட்டத்தில் பற்றுடைய அன்பர்க்கு ஒரு வழக்கம் உண்டு. புதிய பயிற்சியாளர் ஒருவர் நியமனம் பெற்றார் என்னும் செய்தி எட்டிய அன்றே அவர்கள் இரு கட்சியாய்ப் பிரிந்துவிடுவர். "இவர் வந்துவிட்டார், இனி நமக்குத் தோல்வியில்லை" என்பர் ஒரு சாரார். "இவர் எத்தனை கோப்பை வென்றவர்? இவரால் ஆவதென்ன?" என்பர் மற்றொரு சாரார். நமது கூரம் கிராமத்துத் தேநீர்க் கடையிலும், கல்லூரி விடுதியின் முற்றத்திலும் இவ்விரு கட்சியாரின் வாதங்களையும் நாம் கேட்டதுண்டு. நாமே அவற்றிற் கலந்துகொண்டதும் உண்டு. தேசத்தின் முதல் அணிக்கு வரும் பயிற்சியாளரைப்பற்றி இங்ஙனம் வாதிடுவதில் குற்றமில்லை; வெற்றி தேடித் தருதலே அவரது தொழில். ஆனால், சிறுவரைப் பழக்கி ஆட்டக்காரராக்கும் பொருட்டு நியமிக்கப்பெறும் பயிற்சியாளரையும் அதே தராசில் நிறுத்தல் முறையாகுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் விஷயம்.

முறையாகாது என்பது நமது துணிபு. அதற்குரிய காரணங்களைக் கூறுவோம்.

2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பதினேழு வயதிற்குட்பட்டோர்க்கான உலகக் கோப்பைப் பந்தயங்கள் நம் நாட்டில் நடைபெற்றன. அதற்கு நம் சிறுவரை ஆயத்தம் செய்யும் பணியை முதலில் ஏற்றிருந்தவர் ஜெர்மானியரான நிக்கோலாய் ஆடம். அவர் விலக்கப்பட்டபின், போர்ச்சுக்கல் நாட்டினரான லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் என்பார் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நியமனம் பெற்றார். பந்தயத்திற்கு எஞ்சியிருந்தவை ஏறக்குறைய ஏழு மாதங்களே. டில்லியில் நடந்த ஆட்டங்களில் நம் சிறுவர் அமெரிக்காவிடம் 0-3 என்றும், கொலம்பியாவிடம் 1-2 என்றும், கானாவிடம் 0-4 என்றும் தோற்றனர். கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்ஸன் சிங் தலையால் முட்டிப் போட்ட கோல், உலகக் கோப்பைப் பந்தயங்களில் இந்தியா பெற்ற முதல் கோலாகும். மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. கணக்கு அத்துடன் முடிந்தது என்று எண்ணியவர் பலர்.

கணக்கு முடியவில்லை. அத் தோல்வியுற்ற அணியிலிருந்தே ஜீக்ஸன் சிங், சுரேஷ் சிங் வாங்ஜம், அன்வர் அலி, ரஹீம் அலி முதலியோர் பின்னர்த் தேசத்தின் முதல் அணியில் இடம் பெற்றனர். 2017 அக்டோபரில் அவ்வணியின் பயிற்சியை எடைபோட்டவர்க்கு அஃது ஒரு வீண் முயற்சியாகத் தோன்றியிருக்கும். சில ஆண்டு பொறுத்து எடைபோட்டவர்க்கோ அது நல்ல நாற்றங்காலாகத் தோன்றும். நாற்றங்காலைப் பார்த்து, "இதில் எத்தனை மூட்டை நெல் கண்டீர்?" என்று வினவும் உழவன் எவனும் இல்லை. விளையாட்டில் மட்டும் நாம் அங்ஙனம் வினவுகிறோம்.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த சையத் அப்துல் ரஹீம் என்பார் 1950-ஆம் ஆண்டில் இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில் இந்தியா 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுக்களில் தங்கப் பதக்கம் பெற்றதும், 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் எய்தியதும் பலரும் அறிந்தவை. ஆயினும் அவ்வெற்றிகளின் வேர் எங்கே இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அவர் ஹைதராபாத்தில், பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்கவேண்டும் என்னும் விதியுடைய பந்தயங்களையும், பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடாமல் உடனே தோழனுக்குத் தரவேண்டும் என்னும் விதியுடைய பந்தயங்களையும் நடத்தினார். செகந்தராபாத்தில் எளிய தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய துளசிதாஸ் பலராம் அவர் கண்டு பழக்கிய இளைஞருள் ஒருவர். 1956-ல் மெல்போர்னில் ஆடிய அவர், 1962-ல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். ரஹீம் 1963-ல் மறைந்தார். 1970-ல் பாங்காக்கில் பெற்ற வெண்கலத்திற்குப் பின்னர், ஆசிய விளையாட்டுக்களின் ஆடவர் கால்பந்தில் இந்தியாவிற்குப் பதக்கமே வாய்க்கவில்லை. விதைப்பவரைப் போற்றாத நாட்டில் அறுவடை எங்ஙனம் தொடரும்?

நம் கூரத்தாருக்கு இவ்வுண்மை புதியதன்று. 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் கூரம் செப்பேடுகள், இவ்வூரில் வெட்டப்பெற்ற பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றினின்று அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிப்பிடுகின்றன. ஏரி வெட்டத் தொடங்கிய அன்றே நீர் நிறைவதில்லை. வெட்டவேண்டும், கரையிடவேண்டும், கால் கோலவேண்டும், பின்னர் மழைக்கும் காத்திருக்கவேண்டும். மண் சுமப்பவனை நோக்கி, "நீர் எங்கே?" என்று இரைபவனுக்கு ஊரார் என்ன விடை கூறுவர்? இளையோர் பயிற்சியாளர் ஏரி வெட்டுபவர் போன்றவர். அவர் வெட்டிய ஏரியின் நீரைப் பாய்ச்சிப் பெயர் பெறுபவர் பெரும்பாலும் வேறொருவராகவே இருப்பர்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். "பொறுமை, பொறுமை என்று கூறிக்கொண்டே திறமையற்றவர் பல்லாண்டு பதவியில் அமர்ந்திருப்பாரே! அவரை யார் கேட்பது?" என்பர் சிலர். ஆட்சேபம் நியாயமானதே. பொறுமை என்பது கண்ணை மூடிக்கொள்ளுதல் அன்று. நாம் கேள்வியை விடச் சொல்லவில்லை. கேள்வியை மாற்றச் சொல்கிறோம். சென்ற வாரம் வென்றாரா என்பதை விட்டு, அவரிடம் பழகிய சிறுவருள் எத்தனை பேர் அடுத்த படிக்கு ஏறினர் என்று கேட்போம். உயரமும் உடற்பலமும் உடைய சிறுவரை மட்டும் ஆடவிட்டு இன்றைய வெற்றியை வாங்கினாரா, அன்றி மெலிந்த சிறுவனின் அறிவையும் காலையும் கண்டு காத்திருந்தாரா என்று கேட்போம். நகரத்துப் பிள்ளைகளோடு நாட்டுப்புறத்துப் பிள்ளைகளையும் தேடிச் சென்றாரா என்று கேட்போம். ஆட்டத்திற்காகப் பள்ளிப் படிப்பை இழந்த சிறுவன் எவனும் உண்டா என்று கேட்போம். இவற்றிற்கு விடை கூற இயலாதவர் கோப்பை வென்றிருப்பினும் தகுதியற்றவரே.

பொறுத்த இடத்தில் பயன் விளைந்ததையும் கண்டோம். கோவாவைச் சேர்ந்த பிபியானோ பெர்னாண்டஸ் இளையோர் அணிகளைப் பயிற்றுவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டவர். 2018-ல் அவரிடம் பயின்ற பதினாறு வயதிற்குட்பட்டோர் ஆசியப் பந்தயத்தின் கால் இறுதி வரை சென்று, தென் கொரியாவிடம் ஒரே கோலில் தோற்றனர். 2025 நவம்பர் 30-ல் அவர் பயிற்றிய பதினேழு வயதிற்குட்பட்டோர் அகமதாபாத்தில் ஈரானை 2-1 என வென்று, 2026-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். அதே நவம்பரில் முதல் அணி வங்காள தேசத்திடம் தோற்றதைக் குறித்து வாரக்கணக்கில் வருந்திய நம்முள், இச்சிறுவரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? குறை அதிகாரிகளிடம் மட்டும் இல்லை, நம்மிடமும் உண்டு.

ஆதலின், மாணவ நண்பர்களுக்கும் பழைய மாணவர்க்கும் ஒன்று கூறி முடிப்போம். சென்னை நேரு விளையாட்டரங்கிற்குச் சென்று பெரியோர் ஆட்டத்தைக் கண்டு ஆர்ப்பரிப்பது எளிது. கோடையில் நீர் வற்றிய ஏரி உள்வாயில், இரண்டு செங்கல்லைக் கம்பமாக நட்டு ஆடும் பிள்ளைகளிடம் வாரத்தில் ஒரு மாலை சென்று, பந்தை இரு காலாலும் உதைக்கக் கற்பிப்பது அரிது. ஆயினும், அங்ஙனம் செய்தவனுக்கே இளையோர் பயிற்சியாளரின் பாடு விளங்கும். ஒரு சிறுவன் இடக்காலால் நேராக உதைப்பதற்கு எத்தனை மாலை வேண்டும் என்பதும் விளங்கும். அதை அறிந்தபின், அடுத்த நியமனச் செய்தி வரும் நாளில் நமது முதற் சொல் "எப்பொழுது வெல்வார்?" என்பதாக இராது, "எவ்வளவு காலம் கொடுத்திருக்கிறார்கள்?" என்பதாகவே இருக்கும்.