கைநாட்டு சம்மதமாகுமா?

நமக்காகப் பொருள் வாங்கவும், பில் கட்டவும், பணம் செலுத்தவும் ஓர் இயந்திரக் காரியஸ்தனை அமர்த்திக்கொள்ளலாம் என்ற பிரசாரம் இன்று உலகமெங்கும் பலமாக நடந்துவருகிறது. 'ஏஜென்ட்' என்று பெயர்பெற்ற இந்த மென்பொருளிடம், "அரிசி தீர்ந்தால் வாங்கிப் போடு" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதுமாம். விலை விசாரிப்பதும், கடையைத் தேர்வதும், காசு கொடுப்பதும் அதன் பொறுப்பு. 2025 ஏப்ரலில் வீசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரு கம்பெனிகளும் இதற்கான ஏற்பாடுகளை அறிவித்தன. அவ்வாண்டு அக்டோபரில் இந்தியாவிலும் யூ.பி.ஐ. வழியாக இதைச் சோதித்துப் பார்ப்பதாக அறிவிப்பு வந்தது. ஆகவே ஈப்போ கடைத்தெருவுக்கும், லகாட் வட்டாரத்து வீடுகளுக்கும் இது வந்துசேர வெகுகாலம் செல்லாது.

"மனிதன் சம்மதித்தால்தானே பணம் போகும்? பயமெதற்கு?" என்று இதன் பிரசாரகர்கள் கேட்கிறார்கள். நமது வழக்கெல்லாம் அந்தச் சம்மதம் என்னும் ஒரு சொல்லைப் பற்றியதேயாகும்.

மலாயாத் தமிழனுக்கு இச்சொல்லின் சரித்திரம் தெரியாததல்ல. 1938-ல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை நடந்த கங்காணி முறையில், முன்பணமென்றும் கடைக்கடனென்றும் எழுதியவன் கணக்கே கணக்காயிருந்தது. எழுத்தறியாதவன் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தான். அதற்குச் சம்மதமென்று பெயர். அன்றியும், வேலைக்கு வந்த ஆளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. நமக்காகப் பேசுகிறவனுக்கு எவன் காசு கொடுக்கிறான் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்க விடவில்லை. இன்றைய இயந்திரக் காரியஸ்தன் ஒரு கடையை விட்டு மற்றொரு கடையைத் தேர்ந்தெடுக்கும்போது அதே கேள்வியை நாம் கேட்கவேண்டாமா?

அந்த அனுபவத்திற்குப் பிறகுதான் சட்டங்கள் பிறந்தன. 1955-ம் வருஷத்து வேலைச் சட்டப்படி, கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் பிடிப்பதானாலும் தொழிலாளி எழுத்து மூலம் கேட்டிருக்கவேண்டும். ஒரு மாதத்தில் பிடிக்கும் மொத்தத் தொகை பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அதாவது சம்மதம் இருந்தாலும் அதற்கொரு வரம்பு உண்டென்று சட்டமே ஒப்புக்கொள்ளுகிறது.

நிற்க, தோட்டத்து ஆபீஸ் முறையைப் பார்ப்போம். வவுச்சர் எழுதுகிற கிராணி தானே அதை ஒப்புக்கொண்டு பணம் எடுத்துவிட முடியாது. மானேஜர் கையெழுத்து வேண்டும். கிராணிகளெல்லாம் திருடர்கள் என்பதற்காக ஏற்பட்ட விதியல்ல இது. எழுதினவன் கண்ணுக்குத் தன் பிழை தென்படாது என்பதற்காக ஏற்பட்டது. ஆனால் அந்த மானேஜர் நூறு வவுச்சர்களைப் படியாமலே கையெழுத்திட்டுத் தள்ளுவாரானால், அவருக்குப் பதிலாக ஒரு ரப்பர் முத்திரையே போதுமல்லவா?

இது வெறும் கற்பனையல்ல. 2012 ஆகஸ்டு 1-ம் தேதி, அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வியாபாரக் கம்பெனியின் இயந்திரம் தானாகவே பங்குகளை வாங்கி விற்கத் தொடங்கியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விட்டுப்போனதே காரணம். சுமார் 45 நிமிஷத்தில் 440 மில்லியன் டாலர் நஷ்டம். சந்தை திறக்குமுன்பே அக்கம்பெனியின் இயந்திரம் ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையென்று கருதி எவரும் கவனிக்கவில்லை. அறிவிப்பு இருந்தது, அறிந்தவர் இல்லை. தினமும் ஐம்பது தரம் 'சரி' என்ற பொத்தானைக் காட்டிக்கொண்டிருந்தால், ஐம்பத்தோராவது தரம் நம் விரலும் அப்படித்தான் தூக்கத்தில் அழுத்தும்.

நம் நாட்டிலேயே என்ன கண்டோம்? குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண்ணை ஏமாற்றுக்காரர்கள் ஜனங்களிடமிருந்தே கறந்துகொண்டார்கள். அதனால் 2022 செப்டம்பரில் நெகாரா வங்கி, அம்முறையைக் கைவிடும்படி மற்ற வங்கிகளுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. சம்மதத்தின் அடையாளம் இருந்தது, சம்மதம் இல்லை. மனிதர் ஏமாற்றினாலே இக்கதியென்றால், மனிதன் பக்கத்திலில்லாத வேளையிலும் முன்கூட்டிக் கொடுத்த உத்தரவைக்கொண்டு இயந்திரம் வாங்குவதற்கு இடமளிக்கும் முறையைக் கூகிள் கம்பெனி 2025 செப்டம்பரில் வெளியிட்டிருக்கிறதே, அதை என்னென்பது? வரம்பில்லாத முன்னுத்தரவு வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டேயாகும்.

"ஒவ்வொரு காசுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியஸ்தன் எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு இந்திய ரிசர்வ் வங்கி ஒரு வழி காட்டியிருக்கிறது. 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து தவணைதோறும் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்றும், 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஒவ்வொரு முறையும் தனிச் சம்மதம் பெறவேண்டும் என்றும் விதி அமலுக்கு வந்தது. 2022 ஜூனில் அந்த வரம்பு 15,000 ரூபாயாக உயர்ந்தது. வரம்பு எவ்வளவு என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம்; வரம்பே வேண்டாமென்பதில்தான் சூது இருக்கிறது. சில்லறை போகட்டும், பெருந்தொகை நின்று கேட்கட்டும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. வரம்பை வைப்பவன் பணத்துக்குரியவனாயிருக்கவேண்டும். கேள்வி அவனுக்கு விளங்கும் பாஷையில், யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று தெளிவாக இருக்கவேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு ஆங்கிலத்தில் கேட்டுப் பெற்ற 'சரி' செல்லாது. பதில் வராவிட்டால் இல்லையென்றே கொள்ளவேண்டும். வரம்பு மீறிச் செலவானால், நஷ்டம் காரியஸ்தனை அனுப்பிய கம்பெனியைச் சேரவேண்டும். பொத்தானை அழுத்திய ஏழையைச் சேரக்கூடாது.

இவற்றை ஒப்புக்கொள்ளுகிற எந்த இயந்திரமும் வரட்டும். அதன் உழைப்பை வரவேற்போம். ஒப்புக்கொள்ளாதது எத்தனை புத்திசாலியாயினும், அது புதுச் சட்டை மாட்டிவந்த பழைய கங்காணியே. நம் பாட்டன்மார் வேறு வழியின்றிக் கட்டைவிரலை நீட்டினார்கள். படித்த நாம், படித்துப் பாராமல் விரலை நீட்டுவோமானால், நம் படிப்பின் பிரயோஜனந்தான் என்ன?