நாணயம் கிடந்த இடம்

இரயில் நிலையத்தின் தலைவாயிலில் கதவில்லாத நிலை ஒன்று நிற்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். பயணி நுழையும்போது அது ஒலிக்கும். காவலர் திரும்பிப் பார்ப்பார். சாவிக் கொத்தை எடுத்துக் காட்டிவிட்டுப் பயணி நடப்பார். நாள்தோறும் அதனூடே அலுவலகம் செல்லும் நாம், அந்த ஒலிக்கும் புதையலுக்கும் உறவு உண்டென்று அண்மைக்காலம் வரை எண்ணியதில்லை.

சங்கத்தின் சென்ற மாதக் கூட்டம் முடிந்ததும் அன்பர் ஒருவருடைய மகன் நம்மைத் தனியே அழைத்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். “மாமா, மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஊருக்கு வெளியே பழைய மண்மேடு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா? கிடைப்பதில் பாதி உங்களுக்கு” என்றான். பழங்காசு சேர்க்கும் பைத்தியம் நமக்கு உண்டென்பதை இப்பகுதியைப் படிப்போர் அறிவர், அவனும் அறிவான். வருகிறேன் என்று சொல்ல நா எழுந்தது. சொல்லாமல் ஒரு வார அவகாசம் கேட்டோம். அந்த வாரத்தில் எண்ணியவையும் பிறகு அவனிடம் சொன்னவையுமே இம்மாதப் பகுதி.

கருவி எளிமையானதுதான். நீண்ட கோலின் நுனியில் ஒரு தட்டு. தட்டினுள் செப்புக் கம்பிச் சுருள். சுருளில் மாறு மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் காந்தப்புலம் எழுகிறது. அப்புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதனுள்ளும் சிறு மின்சுழல்கள் பிறந்து எதிர்ப்புலம் ஒன்றை எழுப்பும். அதை உணர்ந்து கருவி கூவுகிறது. ஒற்றைக் காசு ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துக்குள் கிடந்தால்தான் அகப்படும். தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் இதன் முன்னோடிக் கருவியொன்றை 1881-ஆம் ஆண்டில் செய்து பார்த்தார். அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேடவே அம்முயற்சி. குண்டு அகப்படவில்லை, ஜனாதிபதியும் பிழைக்கவில்லை. அவர் சுடப்பட்டது வாஷிங்டன் நகரத்து இரயில் நிலையமொன்றில் என்பதை நம் தொழிலை முன்னிட்டுக் குறிப்பிடுகிறோம்.

இக்கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் வயல்களில் உலவுவோர் இங்கிலாந்தில் ஏராளம். அந்நாட்டுச் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்ன் என்றொரு சிற்றூர். 1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கே உழவர் ஒருவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் அதைத் தேடித்தரக் கருவியுடன் சென்றார். சுத்தியலைத் தேடியவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் பொற்சங்கிலிகளும் நாணயங்களும் அகப்பட்டன. அவர் செய்த பெருஞ்செயல் இதற்குப் பின்னரே வருகிறது: தோண்டுவதை நிறுத்தினார், அதிகாரிகளுக்கும் தொல்லியலாருக்கும் செய்தி அனுப்பினார். மறுநாள் தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோமானியக் காசுகள் வெளிவந்தன. மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும், எது எதனருகே அடுக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் புலனாயிற்று. லாஸுக்கு 17,50,000 பவுன் பரிசளிக்கப்பட்டது. அவர் அதை உழவருடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் அகப்பட்டது. புதையலோடு அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

அப்புதையலில் மிளகுப்பொடி தூவும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கு உண்டு. ஒன்று பெண்ணொருத்தியின் மார்பளவு உருவம். அன்றைய உரோமருக்கு மிளகு சென்றது நம் மேற்குக் கடற்கரையிலிருந்து. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கில மண்ணில் ஒருவன் அஞ்சிப் புதைத்த பெட்டியிலும் சேரநாட்டுக் காரத்துக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.

2010-ஆம் ஆண்டில் ஃபுரோம் என்னும் ஊரருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் கண்டது ஒரு பெரிய மண்பானை. அவர் மருத்துவமனைச் சமையற்காரர். பானையின் வாய் தெரிந்ததுமே அவரும் கையை எடுத்துவிட்டார். பானையில் 52,503 காசுகள். எடையோ 160 கிலோ. இத்தனையையும் தொல்லியலார் கொட்டிக் கவிழ்க்காமல் அடுக்கடுக்காக எடுத்தனர். ஆண்டுதோறும் சேமித்த உண்டியலாயின் கடைசியாக அச்சிட்ட காசு மேலே இருக்க வேண்டுமல்லவா? இங்கே அவை பெரும்பாலும் பாதிக்குக் கீழே கிடந்தன. ஆகவே அத்தனையும் ஒரே முறையில் கொட்டப்பட்டவை என்று தெளிந்தனர். காசுகளை வாளியில் அள்ளிக்கொண்டு வந்திருந்தால் காசுகள் மிஞ்சியிருக்கும், இச்செய்தி மிஞ்சியிராது.

எதிர்மாறான கதையும் அந்நாட்டிலேயே உண்டு. 2015-ஆம் ஆண்டில் லெம்ஸ்டர் அருகே இருவர் ஒரு புதையலைக் கண்டனர். சொல்லவேண்டியவர்களிடம் சொல்லாமல் விற்கத் தொடங்கினர். நாணயங்கள் 300 வரை இருந்திருக்கலாம் என்று கணித்தார்கள். 2019-ஆம் ஆண்டில் அவ்விருவரும் சிறை புகுந்தபோது மீண்டிருந்தவை 31 மட்டுமே. அவற்றுள் ஆல்ஃபிரட் மன்னரும் மெர்சியா நாட்டு மன்னர் கியோல்வுல்ஃபும் சம நிலையில் அருகருகே அமர்ந்த காசு உண்டு. பின்னவரைப் பகைவரின் கைப்பாவை என்று பழைய வரலாற்றேடு இகழ்ந்திருந்தது. கூட்டாளியாக இருந்தவரை அவ்வாறு எழுதிவிட்டனரோ என்னும் ஐயத்துக்கு அக்காசுகள் சான்று கூறுகின்றன. காணாமற்போனவை இன்னும் என்ன சொல்லியிருக்குமோ!

அந்த இருவரை ஏசுமுன் நம் கதையையும் சொல்லிவிடுவதே முறை. நாம் பிறந்தது கரூர். ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் அமராவதி மணலைச் சலித்துக் காசு பொறுக்குவோர் அங்கே உண்டு. பத்து வயதில் அவர்கள் பின்னே அலைந்த நமக்கும் ஒருநாள் ஒரு செப்புத்துண்டு அகப்பட்டது. சதுரம், கட்டைவிரல் நகத்தளவு. ஒரு பக்கம் யானை; மறுபக்கம் பாசியேறிக் கிடந்தது. பழைய பித்தளைக் கடையில் ஐந்து ரூபாய் கொடுத்தார்கள். பால் ஐஸ் வாங்கித் தின்றோம்.

ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் வில்லும் அம்பும் பொறித்தவை சங்ககாலச் சேரர் காசுகள் என்பதைப் பல்லாண்டு கழித்தே படித்தோம். சேரர் தலைநகராகிய வஞ்சி எது, கரூரா கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த காசுகள் கரூரில் கிடைத்தமை அவ்வழக்கில் கரூரின் பக்கம் நின்ற சாட்சி. அக்காசுகளே எங்கே எடுத்தவை என்று தெரியாமல் ஒரு வியாபாரியின் டப்பாவில் கிடந்திருந்தால் இவ்வழக்கில் சாட்சி சொல்ல வந்திரா. நம் யானைக்காசின் மறுபக்கத்தில் வில் இருந்ததோ வேறு என்ன இருந்ததோ! உலையில் உருகிப்போனதை யாரிடம் கேட்பது?

இனி, சட்டத்துக்கு வருவோம். புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் என்ன பொருள், எந்த இடம், எந்நாள் என்று கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறையும் உண்டு. உரியவர் எவருமில்லை என்று முடிவானபின், வேறு உடன்படிக்கை இல்லையேல், கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கு. நிலத்துக்கு உரியவருக்கு ஒரு பங்கு. தம்பி நமக்குக் கொடுக்க முன்வந்த பாதி எந்தக் கணக்கில் சேரும் என்பது விளங்கவில்லை! தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களிலோ அனுமதியின்றித் தோண்டுவதே குற்றம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட மனமில்லை. புதையலை அரசாங்கம் எடுத்துக்கொள்ள விரும்பினால், அதிலுள்ள உலோகத்தின் விலையையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது அச்சட்டம். செப்புக்காசுக்கு உலோக விலை என்ன வரும்? நம் பித்தளைக் கடைக்காரரே வள்ளல் ஆகிவிடுவார். இங்கிலாந்தில் சந்தை விலை மதிப்பிட்டுப் பரிசளிக்கிறார்கள். அதனால் வாய் திறக்கிறார்கள். நல்லவனாயிருப்பதற்கு இழப்பும் ஏற்கவேண்டும் என்றால், கிணறு வெட்டும் கூலியாள் கண்டதைச் சொல்வாரா?

இவ்வளவையும் கேட்டபின் தம்பியின் முகம் வாடிற்று. “அப்படியென்றால் கருவியை விற்றுவிடட்டுமா, மாமா?” என்றான். வேண்டாம் என்றோம். அந்த மண்மேட்டில் கால் வைப்பதில்லை என்று மட்டும் சொல் வாங்கிக்கொண்டோம். நம் இரயில்வே குடியிருப்பின் நிலமும் நமதன்று. ஆகவே அங்கும் தோண்டலாகாது. சங்கத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் புறநகரில் மனை வாங்கிச் சென்ற தை மாதத்தில் பூமி பூசை செய்திருந்தார். அன்று அவர் மனைவியாரின் தோட்டுத் திருகாணி மண்ணில் விழுந்துவிட்டது. அவருடைய அனுமதியுடன் சென்ற ஞாயிறு அங்கே சென்றோம். காலை முழுதும் கருவி கூவிய வண்ணமிருந்தது. பதினொரு ஆணி, நான்கு சோடா மூடி, ஒரு குதிரை லாடம். திருகாணி அகப்படவில்லை, அந்த அம்மையார் அதற்காகக் காப்பியைக் குறைக்கவில்லை.

கடைசியில் வேலியோரத்தில் அறுகோண வடிவில் இருபது காசு ஒன்று வெளிவந்தது. அலுமினியம். தம்பி அதைப் பார்த்ததே இல்லையாம். 2011-ஆம் ஆண்டு நடு முதல் அது செல்லாது என்றோம். அவன் அதைத் துடைக்கப் போனான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு துடைக்காமலே தாளில் மடித்தான். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து வேலிக்கல்லிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று எழுதிக்கொண்டான். நாம் குழியை மூடினோம்.