பாரா பஜே வாபஸ்!

செமஸ்டர் லீவு வந்தாச்சு. உங்க கேங்குல யாராவது ஒருத்தர் "மச்சி, ட்ரெக்கிங் போலாமா?"ன்னு இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க. போங்க, கண்டிப்பா போங்க. ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி, ஒரு மலைகிட்ட நான் வாங்கின பல்பைப் பத்தி கொஞ்சம் கேட்டுக்கோங்க.

மலையோட பேரு சேடில் பீக். சேடில்னா குதிரைச் சேணம். அந்தமானோட வடக்குக் கோடியில, டிக்லிப்பூர் பக்கத்துல கடலை ஒட்டி நிக்குது. அந்தமான் நிகோபார் தீவுகள்லயே உயரமான இடம் இதுதான். எவ்வளவு உயரம்? 732 மீட்டர்.

"அவ்வளவுதானா? ஏற்காடே 1500 மீட்டராச்சே!"ன்னு உதட்டைப் பிதுக்குறீங்கல்ல? நானும் அதையேதான் செஞ்சேன். ஏற்காட்டுக்கு நாம பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து, முறுக்கு சாப்பிட்டுக்கிட்டே போறோம்ங்கிறது அப்போ எனக்கு உறைக்கலை. இங்க கால் வைக்கிற முதல் இடமே கடல் மட்டம். அலை வந்து பாதத்தை நனைக்கிற இடத்துலேர்ந்து 732 மீட்டரையும் நீங்களேதான் ஏறணும், தள்ளுபடி கிடையாது. போக சுமார் 8 கிலோமீட்டர், வர 8 கிலோமீட்டர்.

கொஞ்சம் ஜியாகிரஃபி சொல்லிக்கிறேன், தூங்கிடாதீங்க. அந்தமான்ங்கிறது கடல்ல மிதக்குற குட்டிக் குட்டித் தீவுகள்னு நாம நினைக்கிறோம். உண்மையில அது கடலுக்குள்ள முங்கிப்போன ஒரு பெரிய மலைத்தொடர். மியான்மர்ல இருக்கிற அரக்கான் மலைகள் அப்படியே கடலுக்கு அடியில தெற்கே நீண்டு வருது. தண்ணிக்கு மேல தலையை நீட்டிக்கிட்டிருக்கிற இடங்களைத்தான் நாம தீவுன்னு சொல்றோம். அதுல ரொம்ப உயரமா நீட்டின தலை, சேடில் பீக்.

என்கூட வந்தது என் சித்தி பையன். இன்ஜினியரிங் செகண்ட் இயர். அவனுக்கு நான் 'அண்ணா'. நான் என்ன சொன்னாலும் "சரிங்கண்ணா"ன்னு தலையாட்டுற ரகம். (இந்த 'சரிங்கண்ணா'வைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறமா வரும்.)

சென்னையிலேர்ந்து ஃபிளைட்ல போர்ட் பிளேர் போனோம். 2024-ல அந்த ஊர் பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. ஆனா வாய் இன்னும் பழைய பேரைத்தான் சொல்லுது. அங்கேர்ந்து டிக்லிப்பூருக்கு விடிகாலையில பஸ். கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க முதுகு உடையிற பயணம். வழியில ஜாரவா பழங்குடி மக்களோட காடு வரும். அந்த இடத்தை வண்டிகள் எல்லாம் வரிசையாத்தான் கடக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அது அவங்க வீடு. நம்ம வீட்டு வாசல்ல ஒருத்தன் பஸ்ஸை நிறுத்தி கேமராவை நீட்டினா எப்படி இருக்கும்னு யோசிச்சாலே போதும், ரூல் புரிஞ்சிடும்.

காளிப்பூர்ல ரூம் போட்டோம். மறுநாள் மலைக்கு ஒரு வழிகாட்டி கிடைச்சார். ஐம்பது வயசைத் தாண்டினவர், பெங்காலி. கிழக்கு வங்காளத்துலேர்ந்து அகதிகளா வந்த நிறைய குடும்பங்களுக்கு 1950-கள்ல வட அந்தமான்ல நிலம் கொடுத்துக் குடியமர்த்தினாங்க. அவரோட அப்பா அம்மாவும் அப்படி வந்தவங்கதானாம். எல்லாரும் அவரை 'தாதா'ன்னு கூப்பிட்டாங்க. சித்தி பையன் முழிச்ச முழியைப் பார்க்கணுமே! அப்புறம்தான் விளக்கினேன், பெங்காலில தாதான்னா அண்ணன்டா, நம்ம ஊர் சினிமா தாதா இல்லைன்னு.

எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் நாற்பது இந்தி வார்த்தை தெரியும். அதைப் புரிஞ்சுக்கிட்டோ என்னவோ, தாதா முந்தின நாள் சாயங்காலமே மூணே வார்த்தையில சொல்லிட்டார்: "பாரா பஜே வாபஸ்." பன்னெண்டு மணி ஆனா, எங்க நின்னாலும் சரி, திரும்பிடணும். காலையில 6 மணிக்குக் கிளம்பணும்னும் சொன்னார்.

நாங்க எத்தனை மணிக்குக் கிளம்பினோம்? 8.15!

ஒண்ணும் பெரிய காரணமில்லை. பஸ் அலுப்புல நான் அலாரத்தை ரெண்டு தடவை அமுக்கிட்டேன். அப்புறம் டீ, பூரி, கேமரா பேட்டரி. எட்டு மணி கிளாஸுக்கு எட்டு முப்பதுக்குப் போய் நின்னு பழகின உடம்பு, மலையையும் அதே மாதிரி நினைச்சிருச்சு. தாதா எதுவுமே சொல்லலை. கையில கட்டியிருந்த வாட்ச்சை மட்டும் பார்த்தார்.

லாமியா பே பக்கத்துல வனத்துறை செக்போஸ்ட். பேர் எழுதி, பணம் கட்டி, நோட்டுல 'மூணு பேர்'னு பதிஞ்சுட்டு உள்ளே போனோம். முதல் மூணு கிலோமீட்டர் சொர்க்கம்! ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காடு. அலை நல்லா உள்வாங்கியிருந்ததால ஈர மணல் ரோடு மாதிரி கெட்டியா இருந்துச்சு. ஜாலியா நடந்தோம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துல வட அந்தமான் பக்கம் தரை மேலே எழும்பிடுச்சு, பல இடங்கள்ல பவளப் பாறைகள் தண்ணிக்கு வெளியே வந்து செத்துப்போச்சு. அதே நேரத்துல தெற்கே போர்ட் பிளேர் பக்கம் தரை கீழே இறங்கிடுச்சு. தாதா ஒரு கையை மேலே தூக்கி, இன்னொரு கையைக் கீழே இறக்கி அதைக் காட்டினார். இதுக்கு இந்தியே தேவைப்படலை.

அப்புறம் பாதை காட்டுக்குள்ள திரும்பி, நேரா மேலே ஏற ஆரம்பிச்சது.

வெள்ளியங்கிரி ஏறினவங்களுக்குத் தெரியும், முதல் மலைப் படிக்கட்டு ஆளை எப்படி வாட்டும்னு. இங்க படிக்கட்டே கிடையாது, வேர்கள்தான் படி. படவுக், கர்ஜன்னு பேர் சொல்லி தாதா காட்டின மரங்களை அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது. சில மரங்களோட அடிப்பக்கம் சுவர் மாதிரி பக்கவாட்டுல விரிஞ்சு, பின்னாடி ஒரு ஆள் ஒளிஞ்சுக்கலாம் போல இருக்கு. பிடிக்க வசதியா இருக்கேன்னு கையை வெச்சா, அது முள்ளு பிரம்பு! புலி, சிறுத்தைன்னு பயப்பட இந்தத் தீவுல எதுவும் இல்லை. பாம்பு உண்டு. ஆனா எங்களைப் படுத்தினது வேற ஒண்ணு... காத்து. அதாவது, காத்தே இல்லாதது! அவ்வளவு அடர்த்தியான காட்டுக்குள்ள ஈரம் அப்படியே நிக்குது. வேர்வை வழியுது, காயவே மாட்டேங்குது. வேர்வை காஞ்சாதானே உடம்பு குளிரும்? பிரஷர் குக்கருக்குள்ள உட்கார்ந்து மாடிப்படி ஏறின மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி கொண்டு போயிருந்தோம். பத்தரை மணிக்கே முக்கால்வாசி காலி. கணக்குப் போட்டது நான்தான். தப்புக் கணக்கு. உப்பு, குளுக்கோஸ் எதுவும் எடுத்துக்கலை. கேமரா பை மட்டும் பத்திரமா எடுத்திருந்தோம், அதுவும் அவன் தோள்ல.

11.40. பின்னாடி 'தொப்'புனு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, சித்தி பையன் ஒரு வேர் மேல உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். தசை கல்லு மாதிரி இறுகிப்போய், தோலுக்கு அடியில எலி ஓடுற மாதிரி துடிக்குது. தாதா அவன் பாதத்தைப் பிடிச்சு முன்னாடி வளைச்சு நீவிவிட்டார். கொஞ்சம் தளர்ந்துச்சு. எழுந்து நாலு எட்டு வெச்சான். மறுபடியும் பிடிச்சுக்கிச்சு.

"எப்போலேர்ந்துடா?"

"ஒரு மணி நேரமா லைட்டா இழுத்துக்கிட்டே இருந்துச்சுண்ணா... நீங்க ஆசையா வந்தீங்க, அதான் சொல்லலை."

உச்சிக்கு இன்னும் எவ்வளவு நேரம்னு தாதாகிட்ட கேட்டேன். ஒரு மணி நேரம்னு விரலைக் காட்டினார்.

இப்போ நான் செஞ்ச காரியத்தைச் சொல்றேன். சொல்லவே கூச்சமா இருக்கு. சொல்லாம விட்டா இந்தக் கட்டுரையே பொய்.

"டேய், நீ இங்கயே உட்காரு. ரெஸ்ட் எடு. நான் மட்டும் தாதாவோட டக்குனு போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன். ரெண்டே மணி நேரம்தான்."

அவன் என்ன சொல்லியிருப்பான்னு நினைக்கிறீங்க?

"சரிங்கண்ணா."

அவன் முகத்தை நான் பார்க்கலை. பார்க்காம கேமரா பையை அவன் தோள்லேர்ந்து கழட்டினேன். நிஜமாவே கழட்டினேன்! ஒரு வாய் தண்ணி இல்லாம, பாஷை தெரியாத ஊர்ல, போன் டவர் இல்லாத காட்டுக்குள்ள, நடக்க முடியாம உட்கார்ந்திருக்கிற பத்தொன்பது வயசுப் பையனைத் தனியா விட்டுட்டுப் போக நான் ரெடியாகிட்டேன். எதுக்கு? 'அந்தமான்லயே உயரமான இடத்துல நான்'னு ஒரு போட்டோவுக்கு.

தாதா எழுந்திருக்கவே இல்லை. எங்க பேச்சு அவருக்குப் புரிஞ்சிருக்காது, ஆனா கேமரா பை கை மாறினது புரிஞ்சிருச்சு. முதல் தடவையா அவர் குரல் உயர்ந்துச்சு.

"தீன் ஆயே. தீன் ஜாயேங்கே."

மூணு பேர் வந்தோம், மூணு பேராத்தான் போவோம். எனக்குத் தெரிஞ்ச நாற்பது வார்த்தைக்குள்ளயே அது அடங்கிடுச்சு, புரியலைன்னு நடிக்கக்கூட வழியில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கூடுதலா பணம் தர்றேன்னேன். அவர் என்னைப் பார்க்காம சித்தி பையனுக்கு ஊன்றிக்க ஒரு கம்பு தேட ஆரம்பிச்சார். தன் பாட்டில்ல இருந்த தண்ணியையும் அவன்கிட்ட கொடுத்துட்டார். மணி 12.10.

இறங்கும்போது முதல் ஒரு மணி நேரம் நான் யார்கிட்டயும் பேசலை. கோபம். தாதா மேல கோபம், சித்தி பையன் மேல கோபம், அவனோட கெண்டைக்கால் மேலகூடக் கோபம்! அலாரத்தை அமுக்கினது யாருன்னு அந்த ஒரு மணி நேரத்துல எனக்கு ஞாபகமே வரலை.

ஏறுறதைவிட இறங்குறது ஈஸின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஏறும்போது மூச்சு வாங்குது, இறங்கும்போது முட்டி வாங்குது. நாலு எட்டு வெச்சா ஒரு தடவை நின்னு அவன் காலை நீவணும். கடற்கரைக்கு வந்து சேரும்போது மணி மூணரை தாண்டிடுச்சு. சரி, இனிமே ஈர மணல் ரோடுதானேன்னு நிமிர்ந்து பார்த்தா... ரோட்டைக் காணோம்!

காலையில உள்வாங்கியிருந்த கடல், மர வேரைத் தொட்டுக்கிட்டு நிக்குது. அங்க கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை இறங்கும். ஒரு இறக்கத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவுல ஆறு மணி நேரம் சொச்சம்தான். காலையில நாங்க ஜாலியா நடந்த ரோடு, சாயங்காலம் கடலுக்கு அடியில! பாறை மேலயும், விழுந்து கிடந்த மரங்கள் மேலயும் தவ்வித் தவ்விப் போகணும். நல்ல காலு இருந்தாலே கஷ்டம். தாதா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தோம்.

அடுத்த ஷாக், வெளிச்சம். டிக்லிப்பூர் கிட்டத்தட்ட நம்ம சென்னைக்கு நேர் கிழக்கே இருக்கு. கடிகாரமும் ஒண்ணுதான், இந்திய நேரம். ஆனா 1300 கிலோமீட்டருக்கு மேல கிழக்கே தள்ளி இருக்கிறதால சூரியன் சென்னையைவிட சுமார் 50 நிமிஷம் முன்னாடியே விழுந்துடும். ஜனவரியில அஞ்சு மணி பத்து நிமிஷத்துக்கெல்லாம் சூரியன் காலி. மரத்தடியில அதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே இருட்டு. சென்னைக்கார மூளை 'இன்னும் ஆறு மணி ஆகலையே'ன்னு சொல்லிக்கிட்டிருக்கு, கண்ணுக்கு முன்னாடி பாறை தெரிய மாட்டேங்குது! எங்ககிட்ட இருந்தது தாதாவோட ஒரே ஒரு டார்ச். எங்க போன் ரெண்டும் மலை மேல போட்டோ எடுத்தே செத்திருந்துச்சு.

செக்போஸ்ட் விளக்கு தெரிஞ்சப்போ மணி 5.25. அந்த ரெண்டு மணி நேரத்தை நான் மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். 7.25. கும்மிருட்டு, பாறை, அலை. அதுக்கும் முன்னாடி, மலை மேல தனியா உட்கார்ந்திருக்கிற ஒருத்தன். இருட்டுற காட்டுக்குள்ள இறங்கி வந்து அவன் உட்கார்ந்த வேரை நாங்க கண்டுபிடிச்சிருக்கணும். எல்லா வேரும் ஒரே மாதிரி இருக்கிற காடு அது.

காவலர் நோட்டைத் திறந்து, எங்களை எண்ணி, எங்க வரிக்கு நேரா டிக் போட்டார். உச்சிக்குப் போனீங்களான்னு அவர் கேட்கவே இல்லை.

இதைப் படிக்கிற உங்க கேங்குலயும் ஒரு 'சரிங்கண்ணா' இருப்பான், இல்லை இருப்பா. கால் இழுத்தாலும் வாய் திறக்காத பார்ட்டி. அந்த ஆளை நடுவுல நடக்க விடுங்க, கடைசியில விடாதீங்க. அரை மணிக்கு ஒரு தடவை "ஓகேவா?"ன்னு கேட்டா "ஓகே"ன்னுதான் பதில் வரும், அதனால "தண்ணி எவ்வளவு மிச்சம் இருக்கு, காட்டு"ன்னு கேளுங்க. திரும்புற நேரத்தைக் கிளம்பறதுக்கு முன்னாடி ரூம்லயே முடிவு பண்ணிடுங்க. மலை மேல நின்னு முடிவு பண்ணினா என்னை மாதிரிதான் முடிவு பண்ணுவீங்க. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, நாலு ஓஆர்எஸ் பாக்கெட், ஆளுக்கு ஒரு டார்ச். அலை எப்போ ஏறும்னு உள்ளூர் மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க, ஆனா கேட்கணும்.

அன்னைக்கு ராத்திரி ரூம்ல அவன் காலுக்கு நான் தைலம் தேய்ச்சேன். "விடுங்கண்ணா, அடுத்த தடவை போலாம்"னான். சாரின்னு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. ஒரு வாரம் கழிச்சு, சென்னை ஏர்போர்ட்ல பெட்டிக்குக் காத்துக்கிட்டிருக்கும்போதுதான் சொன்னேன். "எதுக்குண்ணா?"ன்னு கேட்டான். தெரியாம கேட்டானா, தெரிஞ்சே கேட்டானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். காளிப்பூர் கடற்கரைக்கு நாலு வகை கடல் ஆமைகள் முட்டையிட வரும். அதைப் பார்க்கிறதுக்குன்னே ஆளுங்க அங்க போறாங்க. அன்னைக்கு நடுராத்திரி "ஆமை வந்திருக்கு, வாங்க வாங்க"ன்னு யாரோ கதவைத் தட்டினாங்க. ரெண்டு பேருக்குமே காது கேட்டுச்சு. ரெண்டு பேராலயும் கட்டிலை விட்டு இறங்க முடியலை!