மூலமும் ஒட்டும்

ஓர் ஆசிரியன் இயற்றிய நூலைப் பிறனொருவன் படியெடுத்து வழங்குங்கால், பிழையெனத் தனக்குத் தோன்றியதைத் திருத்துதல் அவனுக்கு உரித்தோ அன்றோ என்பது தமிழ் பயில்வார்க்குப் பழைய வினா. கணினி நிரல்களைத் தொகுத்து வழங்குவாரிடையேயும் அவ்வினா நெடுநாளாக வழக்காடப்பட்டு வருகின்றது. அதுபற்றி எம் கருத்தை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். இலக்கிய மாணாக்கர்க்கு இஃது அயலான பொருளன்றோ என்பார் சிறிது பொறுத்தருள்க.

லினக்ஸ் என்னும் பெயரால் வழங்குவது ஒருவர் கையால் ஆயதன்று. பல்லாயிரம் நிரல்களைத் தனித்தனி ஆசிரியர் இயற்ற, அவற்றைத் திரட்டி ஒன்றோடொன்று இயைவித்துப் பொதிகளாகக் கட்டி வழங்குவோர் வேறாவர். 1993ஆம் ஆண்டில் தோன்றிய டெபியன் என்னும் அமைப்பு அத்தகையாருள் தலையாயது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் அதனையே அடியாகக் கொண்டது. நம் மாநில அரசினர் 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அது இருந்தமையின், எங்கோ ஒருவர் எழுதிய மூலநிரல் டெபியனார் கையையும் சென்னையார் கையையும் கடந்தே நல்லூர் போன்ற ஊர்களின் மாணாக்கர்பால் வந்து சேர்ந்ததாயிற்று.

இடைநின்ற கைகள் மூலத்தைத் தொடாதிருத்தல் இயலாது. கோப்புக்கள் அமையவேண்டிய இடம் ஒவ்வோர் அமைப்பிலும் வேறுபடும். பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு, புதியதில் நேர்ந்த பாதுகாப்புத் திருத்தத்தை மாத்திரம் பெயர்த்தெடுத்துச் சேர்க்கவேண்டிய காலமும் உண்டு. இத்தகைய மாற்றத்தை ஆங்கிலத்தார் பேட்ச் என்ப. ஒட்டு என்பதே அதற்கு நேரான சொல். துணி தைத்துப் பிழைக்கும் நம் ஊராருக்கு அதனை விரித்துரைத்தல் மிகை.

ஒட்டினால் விளைந்த கேடு ஒன்றைக் கேண்மின். ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது இரகசியச் சாவிகளை ஆக்குதற்குரிய நிரற்றொகுதி. அதனைச் சோதித்த கருவியொன்று எச்சரிக்கை காட்டியதுகொண்டு, 2006இல் டெபியன் பொதிகாப்பாளர் இரண்டு வரிகளைச் செயலறச் செய்தனர். அவ்வரிகளுள் ஒன்றே சாவிக்கு வேண்டிய தற்செயற்றன்மையை உள்ளே கலந்துகொண்டிருந்தது. அது போகவே, கணினி தன் பணிகளுக்கு இடும் எண் ஒன்றே எஞ்சிற்று; ஒரே வகைக் கணினியில் ஒரே அளவான சாவிக்கு 32,768க்கு மேற்பட்ட வேறுபாடு எழாதாயிற்று. இத்துணைச் சிலவற்றை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்துப் பூட்டைத் திறத்தல் கள்வனுக்கு எளிதன்றோ! 2008 மே மாதத்தில் இப்பிழை வெளிப்படுமட்டும், டெபியனிலும் அதன்வழித் தோன்றிய உபுண்டுவிலும் இவ்வாறான சாவிகள் பிறந்துகொண்டே இருந்தன. பொதிகாப்பாளர் நிரலாசிரியர் குழுவினரிடம் ஒரு கேள்வி கேட்டதுண்டு. ஆயினும் திருத்தம் முழுவதும் அவர்தம் ஆராய்ச்சிக்கு முறையாக வைக்கப்பெற்று ஏற்கப்பட்டதன்று.

அக்காலத்துப் பழைய முறையில், ஒரு பொதியில் செய்த மாற்றமெல்லாம் ஒரே வேற்றுமைக் கோப்பாய் வந்து சேரும். எவ்வரி எக்காரணத்தால் மாறிற்றென்று பிரித்தறிதல் அரிது. பின்னர்ப் பரவிய முறை குவில்ட் என்னும் கருவியின் பெயரால் வழங்குவது. இதன்கண் ஆசிரியன் தந்த மூலம் தந்தவாறே கிடக்கும்; ஒட்டுக்கள் தனிக் கோப்புக்களாய் வரிசைப்படுத்தி வைக்கப்பெறும்; ஒவ்வொன்றன் தலையிலும் அதன் நோக்கம், செய்தவர் பெயர், மூலாசிரியர்க்கு அனுப்பப்பட்டதா என்னும் செய்தி ஆகியவற்றை எழுதும் வழக்கமும் ஏற்பட்டுள்ளது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் தம் பதிப்புக்களில் பிரதிபேதங்களை மூலத்தோடு கலவாமல் தனியே குறித்துவைத்த நெறியும் இதுவே. ஏடெழுதினோன் ஒருவன் தான் கருதிய பாடத்தைச் செய்யுளுள்ளேயே புகுத்திவிடின், கவியின் சொல் யாது, அவன் சொல் யாது என்று காண யாம் படும் இடர் சொல்லி முடியாது!

கிட் என்னும் கருவி மாற்றமனைத்தையும் நாள்முறையே நினைவில் வைத்திருக்கத் தனி ஒட்டுக்கள் எதற்கு என்று இக்காலத்தார் சிலர் வினவுகின்றனர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கிட் கருவியைக்கொண்டே ஒட்டுக்களைப் பிரித்து வரிசைப்படுத்துவாரும் உளர். ஆனால் ஆண்டுக்கணக்கான இணைப்புக்கள் பின்னிக்கிடக்கும் வரலாறு வேறு, இன்று மூலத்தினின்று நாம் வேறுபடுவது இவ்வளவே என்று ஒருவர் கையில் எடுத்துக் காட்டக்கூடிய அடுக்கு வேறு. நினைவிலிருத்தல் மாத்திரம் போதுமென்பது எமக்கு உடன்பாடன்று.

ஆசிரியர் பக்கத்து நியாயமும் ஒன்றுண்டு. மாற்றங்களுக்குத் தம் இசைவு பெறாது பயர்பாக்ஸ் என்னும் தம் பெயரை இடலாகாதென்று மொசில்லா நிறுவனத்தார் 2006இல் வற்புறுத்தினர். டெபியனார் அவ்வுலாவிக்கு ஐஸ்வீசல் என்று வேறு பெயரிட்டு வழங்கி, 2016இலேதான் பழைய பெயருக்கு மீண்டனர். பத்தாண்டுகள் நிகழ்ந்த இப்பிணக்கைச் சிலர் நகைப்பர், யாம் நகையோம். தான் எழுதாத வரிக்குத் தன் பெயரைத் தர எவன்தான் ஒருப்படுவான்?

தனித்தனியே வைத்தலால் மாத்திரம் மேற்கூறிய கேடு நேராதிருந்திருக்கும் என்று யாம் சாதிக்கவில்லை. ஒட்டைக் காரணத்தோடு மூலாசிரியர்க்கு அனுப்பி அவர் விடையைப் பெறுதலே முதன்மையானது. பிரித்து வையாதவனுக்கு அனுப்புதல் கூடுவதில்லை. இதனால் பொதிகட்டுவோர்க்கு வேலை மிகும் என்பார்க்கு ஒன்று கூறுவோம். புதிய பதிப்பு வருந்தோறும், கையிலுள்ள ஒட்டுக்கள் அத்தனையையும் மறுபடி பொருத்திப் பார்த்தல் வேண்டும். சுற்றிலுமுள்ள வரிகள் மாறியிருப்பின் ஒட்டு ஒட்டாது. அதனை வெட்டித் திருத்துதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். மூலாசிரியர் ஏற்றுக்கொண்ட ஒட்டோ அடுத்த பதிப்பில் மூலமாகவே வந்துசேரும். அதனை அன்றே அடுக்கினின்று எடுத்துவிடலாம்.