மருந்தின் ஊற்று இலையா, ஈஸ்ட்டா?

இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் ஊசி தொடங்கும் வேளையில், “இது இயற்கையானதா, ஆலையில் செய்ததா?” என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. இயற்கை என்றால் நன்மை, ஆலை என்றால் நஞ்சு என்னும் அச்சமே அக்கேள்வியின் வேர். அந்த அச்சம் தேவையற்றது என்பது என் கருத்து.

வின்கிரிஸ்டினும் அதன் உடன்பிறப்பான வின்பிளாஸ்டினும் நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் இலையிலிருந்து கிடைப்பவை. தென் தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் அச்செடி பயிரிடப்படுகிறது. ஆயினும் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவை.

செடி இம்மருந்தை எப்படி உருவாக்குகிறது? ஒரகடத்துக் கார் ஆலைகளில் பணிபுரிவோருக்கு இது எளிதில் விளங்கும். வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாகம் பொருத்தப்படுவதுபோல, செடிக்குள் ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி மூலக்கூற்றைச் சிறிது மாற்றுகிறது. அவ்வரிசையில் அறியப்படாதிருந்த நொதிகள் 2018-இல் கண்டறியப்பட்டன. 2022-இல் டென்மார்க், அமெரிக்க அறிவியலாளர்கள் 34 தாவர மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் பொருத்தி, மருந்தின் இரு பாதிகளையும் அதனுள் உருவாக்கினர். பின்னர் அவற்றை இணைத்து வின்பிளாஸ்டினைப் பெற்றனர். கிடைத்த அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஆகவே இது மருந்தகத்தை எட்ட இன்னும் காலமாகும்.

எனினும் இம்முயற்சியை நாம் வரவேற்க வேண்டும். 2019-இல் அமெரிக்காவிலேயே, ஒரே நிறுவனத்தை நம்பியிருந்த நிலையில், வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குழந்தைகளின் சிகிச்சை தடுமாறியது. மருந்துக்கு வழிகள் பல இருப்பதே நோயாளிக்குக் காப்பு. நம் நாடும் இத்தொழில்நுட்பத்தில் முதலீடு செய்ய வேண்டும். இலை விளைவிக்கும் உழவர்களின் வாழ்வாதாரத்தையும் அப்போது மறந்துவிடலாகாது.

நுண்ணுயிரில் விளைந்த மருந்து நமக்குப் புதிதுமன்று. ஒருகாலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்ட இன்சுலின், 1982 முதல் நுண்ணுயிர்களின் துணையால் தயாரிக்கப்பட்டு வருகிறது. அதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டோம். மூலக்கூறு ஒன்றே, தூய்மையும் அளவும் சரியே எனில், பிறந்த இடம் பொருட்டன்று.

இதன் மறுபக்கமும் முக்கியம். நித்தியகல்யாணியில் மருந்து உண்டு என்று கேட்டு, வீட்டில் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள். அச்செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் உள்ளன. எது எவ்வளவு உடலில் சேரும் என்பதை எவரும் அளந்து கூற இயலாது. ஏற்கெனவே குடித்திருந்தால் தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கடிந்துகொள்ளமாட்டார். ஊசியின் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.