யானைக்கு வழி விடுங்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். மசினகுடி விடுதிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஊர்க் கடற்கரைதான் ஞாபகத்துக்கு வரும். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தடைப்பட்டது. ஊருக்கு முன்னால் மணல் போய்ப் பாறாங்கல் வந்தது. விடுதிகள் இருந்தன, கால் நனைக்கக் கரை இல்லை. கொஞ்சம் மணலை மீட்க ஏறக்குறைய முப்பது வருஷம் ஆயிற்று.

மசினகுடியைத் தேடி வருகிறவர்கள் யானையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதன் சீகூர் வழித்தடத்தை அரசு 2010இல் அறிவித்தது, 14.10.2020 அன்று உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. விடுதிக்காரர்களுக்கு நஷ்டம்தான். வேலை இழக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு அரசு மாற்று வழி செய்தே ஆக வேண்டும். ஆனால் யானை வராத காட்டில் விடுதி எதற்கு? ஊட்டியிலோ கூடலூரிலோ தங்கி, பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே!